துண்டுக்குள் மூன்றாவது கை

1

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பாதிதான் உண்மை. ஓர் அட்டையில் வரிவரியாகத் துளை வெட்டி, அதைக் காகிதத்தின் மேல் வைத்து, துளைக்குள் பென்சிலை ஓட்டுகிறேன். என் மருமகள் கமலம் பிறகு அதைப் பார்த்து நல்ல எழுத்தில் பிரதி எடுக்கிறாள். ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறியிருந்தால் வந்து கேட்பாள். ஆகவே இதன் முதல் வாசகி அவள்தான். அது எனக்குச் சுலபமான காரியம் இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

இந்த மாசியோடு நான் பள்ளிக்கூட வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. விட்டேன் என்றுகூடச் சொல்லக்கூடாது. இங்கே ஒரு பள்ளியில் நெடுங்காலம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கடைசி இரண்டு வருஷம் கண் மங்கிக்கொண்டே வந்ததை யாருக்கும் தெரியாமல் மறைத்தேன். பாடங்கள் எல்லாம் மனப்பாடம். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தையும் புரட்டிக்கொண்டு, வாயால் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மாணவர்களின் கட்டுரைகளை அவர்களையே எழுந்து படிக்கச் சொன்னேன். "உச்சரிப்புத் திருந்தும்" என்று காரணமும் சொன்னேன்.

ஒருநாள் கரும்பலகையில் ஒரு செய்யுளை முழுதாக எழுதி முடித்துவிட்டுத் திரும்பினேன். முந்தின வகுப்பு ஆசிரியர் எழுதிவிட்டுப் போன கணக்கின் மேலேயே நான் எழுதியிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதட்டியிருப்பேன். ஒருவன் மெதுவாக, "சார், பலகையை அழிச்சிடட்டுமா?" என்றான். அந்த மரியாதையில் எனக்கு உடம்பு கூசியது. அடுத்த வாரம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, ஓய்வு கொடுத்து மாலை போடுகிற தேதியைச் சொன்னார்.

ஊரில் இன்னும் என்னைக் "கொழும்பு வாத்தியார்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அந்தப் பெருமைக்குள் ஒரு அழுக்கு இருக்கிறது. அதை எடுத்து வெளியே வைக்கத்தான் இத்தனை முன்னுரை.

2

எங்கள் ஊர்ப் பக்கத்து அருமனையிலிருந்து ஞானமுத்து என்று ஒருவர் கொழும்புக்கு வந்து போகிறார். கருப்பட்டியும் பனைநார்ப் பெட்டியும் கொண்டுவந்து விற்பவர். ஊர்ப் பேச்சைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே நான் அவரிடம் கருப்பட்டி வாங்குவேன். இங்கே நான் பேசுவதைக் கேட்டால் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் "பாட்டுப் பாடுறீங்களோ?" என்று கேலி செய்வார்கள். ஞானமுத்து என்னைவிட நன்றாகப் பாடுவார்.

போன ஆவணியில் வந்தபோது, தேநீர் குடித்துக்கொண்டே சந்தைக் கதைகளை அவிழ்த்தார்.

"சாரே, குழித்துறைச் சந்தையில கண்ணு தெரியாத ஒரு மாட்டுத் தரகரு உண்டு, கேட்டேரா? எனக்க மச்சினன் ஒரு காளைய கொண்டு போனான். அதுக்க முதுகில பாடைச்சுழி. கள்ளப்பய, அந்த மயிர எண்ணெய் தேச்சு அமுக்கி வச்சிருந்தான். நல்ல கண்ணு உள்ளவன் நாலு பேரு பாத்தான், ஒருத்தனுக்கும் தெரியேல்ல. இவரு ஒரு தடவு தடவினாரு. 'ஓய், தேங்காயெண்ணெயா நல்லெண்ணெயா?'ன்னு கேட்டாரு. மச்சினனுக்க மூஞ்சிய பாக்கணுமே!"

நானும் சிரித்தேன். சுழி பார்ப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாட்டின் மேல் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து அது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வார்கள். பாடைச்சுழி உள்ள மாடு வீட்டில் சாவைக் கொண்டுவரும் என்று யாரும் வாங்கமாட்டார்கள்.

"ஆனா அவருக்கு ஒரு கிறுக்கும் உண்டு" என்றார் ஞானமுத்து. "துண்டு போட்டு வெலை பேசுவாவ இல்லியா, அதுக்குள்ள மூணாவதா ஒரு கை வேணும்பாரு. வாங்குறவன் கை ஒண்ணு, அவருக்க கை ஒண்ணு, சாட்சிக்கு ஒருத்தன் கை ஒண்ணு. மூணு கையும் சேராம வெலைய முடிக்கமாட்டாரு."

"அதெப்படி? மூணாவது ஆளுக்குத் தெரியாம விரலைப் பிடிச்சு வெலை பேசத்தானே துண்டே போடுறது?" என்றேன்.

"அதாக்கும் கூத்து. இன்ஸ்பெக்டரு வந்தாலும் சரி, கோயில் போற்றி வந்தாலும் சரி, இதுதான் சட்டம். நான் ஒருநாள் கேட்டேன், ஏன் ஓய் இப்பிடின்னு. 'அன்னியன் கைய நான் நம்புவேன். சொந்தக்காரன் கைக்குத்தான் சாட்சி வேணும். யாரு எப்ப சொந்தக்காரன் ஆவான்னு தெரியாதுல்லா'ன்னாரு. ஒரு மண்ணும் புரியேல்ல எனக்கு."

"பேரு?"

"தாணுன்னு செல்லுவாவ. நாஞ்சில்நாட்டுக்காரரு. நல்ல பிள்ளைமாருக்க வீடாம். ஏன் இஞ்ச வந்து கிடக்காருன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

டம்ளரை எடுக்க வந்த கமலம் என் முகத்தில் எதையோ பார்த்திருக்கவேண்டும். "மாமா, உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டாள்.

"இல்லை. தெரியாது" என்றேன்.

தாணு என் உடன்பிறந்த தம்பி.

3

எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். பதினோராவது வயதில் அம்மை வார்த்து இரண்டு கண்ணும் போயிற்று. நான் அப்போது படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். பிறகு கொழும்புக்கு வந்தேன், கல்யாணம் செய்தேன், மாதம் தவறாமல் வீட்டுக்கு, பெற்ற அம்மைக்கு, கடிதம் எழுதினேன். "தம்பியைத் தாங்குகிற அண்ணன்" என்று ஊரில் பேர் வந்தது. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

தாணு வீட்டுத் தொழுவத்திலேயே வளர்ந்தான் என்று சொல்லலாம். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைத் தடவி வயது சொல்வான். குளம்புச் சத்தத்தைக் கேட்டு எந்தக் காலில் நோவு என்பான். கழுத்தில் இருந்து வால் வரைக்கும் ஒருமுறை கையை ஓட்டினால் போதும், எல்லாச் சுழியும் அவன் விரலுக்கு வந்துவிடும். முதலில் அக்கம்பக்கத்தார் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிறகு அவனே சந்தைக்குப் போக ஆரம்பித்தான். முப்பத்தைந்து வயதில் அவன் முழுத் தரகன். யார் கையையும் பிடிக்காமல், கோலைத் தட்டிக்கொண்டு, வண்டிப்பாதை வழியாகத் தனியே போய்வந்தான்.

மாட்டுத் தரகு அவனுக்கென்றே ஏற்பட்ட தொழில். விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. இருவர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டு, அதன் அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். முதலில் பிடிப்பது பத்துகள், அடுத்துப் பிடிப்பது ஒன்றுகள். ஐந்துக்கு மேல் போனால், விட்டு மறுபடி பிடித்துக் கூட்டிக்கொள்வார்கள். துண்டுக்கு வெளியே இருப்பவர்களின் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. துண்டுக்குள் இருக்கும் இருவருக்கும்கூட இல்லை. கை ஒத்துக்கொண்டபின் துண்டை எடுத்து விலையைச் சொன்னால் அது மாறாது. அதற்குச் சீட்டு இல்லை, சாட்சி இல்லை. தரகனுக்கு அவன் சொல் ஒன்றுதான் முதல்.

இந்தச் செய்தி கொழும்புக்கு வந்தது. ஆசிரியர்கள் நாலு பேர் இருக்கும்போது ஊரிலிருந்து வந்த ஒருவர், "உங்க தம்பி மாட்டுச் சந்தையில துண்டு போடுறாராமே" என்றார். எனக்கு முகம் சுட்டது. படித்த குடும்பம், வாத்தியார் வீடு, தம்பி சாணிக்குள் நிற்கிறான். தரகை நிறுத்தும்படி அவனுக்கு எழுதினேன். அவன் கேட்கவில்லை. "அண்ணனுக்குக் கவலை வேண்டாம், நான் சொகமா இருக்கேன்" என்று யாரையோ கொண்டு பதில் எழுதினான். அந்த வரி என்னை இன்னும் குத்தியது. அவன் விழுந்துவிடுவான், ஏமாந்துவிடுவான் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மை வேறு. அவன் தானாக நின்றுவிட்டால் நான் தாங்குவதற்கு யாரும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் ஆரம்பத்தில் விடுமுறைக்குப் போனபோது, ஒரு வியாழக்கிழமை நானே சந்தைக்குப் போனேன். "ஒரு ஜோடி உழவுமாடு வேணும், வீட்டுக்கு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். என் குரல் கேட்டதும் தாணுவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"அண்ணே! சந்தைக்கா வந்திய? நம்ம அண்ணனாக்கும்" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னான். "பூதப்பாண்டிக்காரருக்க ஜோடி ஒண்ணு நிக்கி. வாங்க, நானே பாத்துத் தாறேன்."

அண்ணன் தன் தொழிலை ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று நினைத்திருக்கிறான்.

துண்டைப் போட்டான். நான் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன், விட்டேன், ஒரு விரலைப் பிடித்தேன். அறுபது. பிறகு இரண்டு விரல். அறுபத்திரண்டு ரூபாய். அவன் என் உள்ளங்கையை அமுக்கி ஒத்துக்கொண்டான். துண்டை எடுத்து மாட்டுக்காரரிடம் உரக்கச் சொன்னான்: "அறுபத்திரண்டு. முடிஞ்சுது."

"அறுபத்திரண்டா?" என்றேன் நான். "நான் பிடிச்சது அம்பத்திரண்டு."

பூதப்பாண்டிக்காரர் கோபத்தோடு கயிற்றை இழுத்துக்கொண்டார். கோட்டாறு மைதீன் பிள்ளை அங்கே தரகர்களுக்குப் பெரியவர். அவர் வந்தார். "வாத்தியாரே, நல்லா யோசிச்சுச் சொல்லும்" என்றார்.

"எனக்கு என் கை தெரியாதா?" என்றேன்.

தாணு என் பக்கம் முகத்தைத் திருப்பினான். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான் போலும். "அண்ணன் பொய் சொல்லுறார்" என்று அவன் சொல்லியிருக்கலாம். அவனை நம்புகிறவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனால், "எனக்குத்தான் பிசகிப்போச்சு, பிள்ளே" என்றான் மைதீன் பிள்ளையிடம்.

பிசகிய தரகனுக்குச் சந்தையில் இடம் இல்லை. மைதீன் பிள்ளை அவன் தோளில் கையை வைத்து, "இன்னைக்கு வீட்டுக்குப் போ மக்கா" என்றார். இன்னைக்கு என்றால் இனிமேல் என்று அர்த்தம்.

வண்டியில் திரும்பும்போது அவன் பேசியது ஒன்றே ஒன்று. "அண்ணே, அம்மைட்ட சொல்லாண்டாம்."

4

அவனை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து நான் நல்ல வார்த்தை சொன்னேன். "உனக்கு என்ன குறை? வேளாவேளைக்குச் சோறு வருது. நான் இருக்கேன்லா?" அவன் தலையை ஆட்டினான். அடுத்த வாரம் நான் கப்பல் ஏறினேன்.

அதன்பின் இரண்டு வருஷம் அம்மையிடமிருந்து வந்த கடிதங்களில் எல்லாம் ஒரே வரி: தாணு சுகமாக இருக்கிறான், வெளியே போவதில்லை. அந்த வரியை நான் திருப்தியோடு வாசித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

மூன்றாம் வருஷம் ஒரு கடிதம். தாணுவைக் காணோம். ஒருநாள் காலையில் கோலை எடுத்துக்கொண்டு மேற்கே நடந்திருக்கிறான். விசாரித்ததில் குழித்துறையில் ஆற்றங்கரையில் ஒரு வைக்கோல் கடையின் பின்னறையில் இருப்பதாகத் தெரிந்தது. உடனே அந்தப் பக்கத்து உறவினர்கள் எல்லோருக்கும் எழுதினேன். "யாரும் சோறோ இடமோ கொடுக்கவேண்டாம். கஷ்டப்பட்டால் தானாகத் திரும்பிவிடுவான்." அவர்கள் என் பேச்சைக் கேட்டார்கள். அவன் திரும்பவில்லை.

வைக்கோல் கட்டினான், ஆற்றில் மாடு குளிப்பாட்டினான், சந்தைக்கு வரும் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினான் என்று பின்னால் ஞானமுத்து சொல்லித் தெரிந்துகொண்டேன். எத்தனை வருஷம் தண்ணீர் காட்டினால் ஒருவன் மறுபடியும் துண்டு போட முடியும்? அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அம்மை இறந்தபோது அவன் வந்துபோனான் என்று எழுதினார்கள். நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

5

இப்போது என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். மாடிப்படியில் ஒருமுறை விழுந்தேன், முழங்கை வீங்கியது. அதிலிருந்து என் மகன் நடராஜன் படியின் தலைப்பில் ஒரு தட்டிக்கதவு போட்டுவிட்டான். கொக்கி வெளிப்பக்கம். அவன் துறைமுகத்து ஆபீசுக்குப் போகும்போது அதை மாட்டுகிறான். கமலம் கடைக்குப் போனாலும் மாட்டிவிட்டுப் போகிறாள். அறையில் இருந்து அந்தக் கதவு வரைக்கும் பதினான்கு அடி. அதுதான் என் ஊர்.

நடராஜன் நல்ல மகன். கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். அவன் பேச்சில் பாதி இங்கிலீஷ். பேத்திக்குத் தமிழைவிடச் சிங்களம் சரளம். அவள் என்னைத் "தாத்தா" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கீழ்வீட்டுச் சிங்களத்தி, இத்தனை கிழவனா இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் என்று ஆச்சரியப்பட்டாளாம். அவர்கள் பாஷையில் அப்பாவுக்கு அதுதான் சொல். இப்போது பேத்தி என்னைக் கூப்பிடுவதே குறைந்துவிட்டது.

ஞானமுத்து வந்துபோன மறுநாள், "எனக்கு ஒரு கோல் வாங்கித் தா. தெருமுனை வரைக்கும் நானே நடந்து பழகுகிறேன்" என்றேன் நடராஜனிடம்.

"அப்பா, உங்களுக்கு என்ன குறை? நேரத்துக்குச் சாப்பாடு வருது. நான் இருக்கேன்தானே?" என்றான்.

அந்த வார்த்தைகளுக்குப் பதில் கிடையாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு ஞானமுத்துவைக் கெஞ்சி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் ஆபீசுக்குப் போனேன். ஊருக்குப் போய்த் தம்பியை நேரில் பார்க்கவேண்டும் என்ற எண்ணம். குமாஸ்தா பாரத்தை நிரப்பிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றான்.

"துணைக்கு வாறவர் யார், பெரியவரே?"

"யாரும் இல்லை. தனியாகத்தான்."

"கண் தெரியாதவரைத் தனியாக ஏற்ற ஏலாது."

"நான் உண்டுல்லா. கொண்டு விடுதேன்" என்றார் ஞானமுத்து.

"நீங்கள் சொந்தமோ? இல்லையெண்டால் மகன் கையெழுத்து வேணும்."

மகன் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வருஷம் லீவு கிடைத்தால் தானே கூட்டிப்போவதாகச் சொன்னான். அந்தப் பாரம் இன்னும் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அறுபத்து நாலு வயதில், என்னை எங்கே இருக்கவைப்பது என்பதை இன்னொருவர் அன்போடு தீர்மானிக்கிறார். தாணு முப்பத்தைந்து வயதில் இதை இரண்டு வருஷம் பொறுத்திருக்கிறான்.

6

போக முடியாது என்று ஆனபின் கடிதம் எழுத நினைத்தேன். ஆனால் அதைத் தாணுவுக்கு யாராவது வாசித்துக் காட்டவேண்டும். எழுதுகிற எனக்கும் கண் இல்லை, கேட்கிற அவனுக்கும் இல்லை. எப்படியும் நடுவில் ஒருவர் காதில் விழாமல் இந்தக் குற்றம் அவனிடம் போய்ச் சேராது. அதனால் ஞானமுத்து ஊருக்குப் புறப்படும் முன் அவரை உட்காரவைத்து, முதலில் இருந்து கடைசிவரை வாயாலேயே சொன்னேன். சந்தைக்கு வந்து மைதீன் பிள்ளையிடம் உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை, பத்திரிகையில் எழுதட்டுமா என்று தாணுவிடம் கேட்டுவரச் சொன்னேன்.

ஞானமுத்து வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "சாரே, அந்தச் சொந்தக்காரன் கை... நீங்களாக்குமா?" என்றார்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. கமலம் வந்து நின்றாள். "மாமா, அன்னைக்கு நான் கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் இரண்டாம் முறையும் அவனை மறுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்று மாதம் கழித்து ஞானமுத்து திரும்பி வந்தார். நான் எழுந்து நின்றுகொண்டே கேட்டேன்.

"மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வச்சிட்டு நின்னாரு. முழுசும் கேட்டாரு. நடுவில ஒண்ணும் செல்லேல்ல. முடிஞ்சதும், 'அண்ணனுக்குக் கண்ணு முழுசும் போச்சா?'ன்னாரு. வெளிச்சம் தெரியுமாம்னேன். 'வெளிய போறாரா?'ன்னாரு. விடமாட்டாவன்னு செல்லினேன். 'அது கொடுமையாக்கும்'னாரு."

"பிறகு?"

"மைதீன் பிள்ளை போய்ச் சேந்து நாலு வருஷமாச்சாம். 'அவருக்கு அன்னைக்கே தெரியும். அண்ணன் தம்பிய சந்தையில வச்சு அடிச்சுக்கிட விடாண்டாம்னுதான் என்னைப் போகச் சொன்னாரு'ன்னாரு."

"அப்படியென்றால் நான் எழுத வேண்டாமா?"

"எழுதட்டுன்னாரு, சாரே. ஆனா அவருக்கு வேண்டி இல்ல. தாணு விட்டுப் போன பழைய சந்தையில அதுக்குப் பெறகு ஒரு குருடனையும் துண்டு போட விடுறதில்லையாம். ரெண்டு பேரு கேட்டு வந்தானுவளாம். 'தாணுவுக்கே பிசகிச்சு, நீ எம்மாத்திரம்'னு விரட்டி விட்டானுவளாம். அதுல ஒருத்தன் இப்பம் கோயில் நடையில இரந்துக்கிட்டு இருக்கான். 'அவனுவளுக்கு வேண்டி அண்ணன் எழுதட்டு. எனக்கு எனக்க சந்தை உண்டு'ன்னு செல்லச் செல்லினாரு."

அந்த இரண்டு பேரைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. நான் ஒருவனுக்குச் செய்ததாகத்தான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னைப் பார்க்கவேண்டும் என்று ஏதாவது சொன்னானா?"

"அது ஒண்ணும் செல்லேல்ல, சாரே."

குடும்பப் பேர் கெடும், அனுப்பவேண்டாம் என்கிறான் நடராஜன். கமலம் அவனுக்குத் தெரியாமல் பிரதி எடுத்து முடித்துவிட்டாள். தபாலில் போடுவது தன் பொறுப்பு என்கிறாள்.

நாஞ்சில்நாட்டுச் சந்தைகளில் துண்டு போடுகிறவர்களுக்கு யாராவது இதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அன்று என் கை சொன்ன விலை அறுபத்திரண்டு. ஐந்து விரலும் பிடித்தேன், அதன்பின் ஒரு விரல் பிடித்தேன், அதன்பின் இரண்டு விரல் பிடித்தேன். தாணு ஒன்றையும் தவறவிடவில்லை. அவனுக்குப் பிசகவில்லை. துண்டை எடுத்தபின், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்த நான் பொய் சொன்னேன்.